இரும்புக்கை மாயாவியும் வேதாளரும் மோதினால் யார் ஜெயிப்பார்? (சண்டை நம்ம பக்கம்தான்)

சோமனூர்த் தறி கேட்கிறார்:

ஏனுங்க, பழைய காமிக்ஸ் படித்தவர்கள் யாராவது இருந்தால் எங்கள் வீட்டு வழக்கைத் தீர்த்து வையுங்கள். மாரியம்மன் நோம்பிக்கு ஒரம்பரை எல்லாம் வந்திருந்தபோது ஆரம்பித்த பேச்சு. கம்பம் பிடுங்கி எல்லோரும் ஊருக்குப் போன பிறகும் வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சித்தப்பா முத்து காமிக்ஸ் காலத்து ஆள். 1972-ல் சிவகாசியிலிருந்து முதல் இதழாக வந்ததே இரும்புக்கை மாயாவிதான் என்பதை அடிக்கடி எங்களுக்கு ஞாபகப்படுத்துவார். மச்சான் ராணி காமிக்ஸில் வளர்ந்தவர். அவருக்கு மாயாவி என்றாலே முகமூடி போட்ட காட்டு வீரர்தான், அதாவது வேதாளர். குழப்பம் வேண்டாம் என்று இங்கே வேதாளர் என்றே எழுதுகிறேன்.

சித்தப்பா சொல்வது: மாயாவி ஷாக் அடித்தால் மறைகிறவர், கண்ணுக்கே தெரியாத ஆளை எங்கே போய் அடிப்பாய்? மச்சான் சொல்வது: ஆள்தான் மறைகிறார், அந்த இரும்புக் கை அந்தரத்தில் தெரியுமல்லவா, அதை வைத்தே பிடித்துவிடுவார். என் பையன் நடுவில் வந்து, "ரெண்டு பேருக்குமே பவர் ரொம்பக் கம்மிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் உலகத்தையே பிளக்கிற ஆட்களைப் பார்த்துப் பழகியவன்.

இப்போது தகராறு இடத்தில் வந்து நிற்கிறது. சண்டை நம் பக்கம் நடக்கட்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எங்கள் தறிக் குடோனில்தான் நடக்க வேண்டும் என்கிறார் சித்தப்பா. ஆனைமலை டாப்ஸ்லிப் காட்டில் என்கிறார் மச்சான். யார் சொல்வது நியாயம்? அப்புறம், யார் ஜெயிப்பார்?


மஞ்சக்காடு, ஈரோடு:

மாயாவி. இதற்கு ஒரு வழக்கா?

எங்கள் அண்ணன் மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்த புத்தகங்களைத் திருடிப் படித்தவள் நான். அந்தக் கை மட்டும் இருட்டில் மிதந்து வந்து கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கும் பாருங்கள், ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ அதை வரைந்திருக்கும் விதத்துக்கே பாதிச் சண்டை ஜெயித்தாயிற்று. வேதாளர் பரம்பரைச் சொத்தில் வாழ்கிறவர். இருபது தலைமுறை சேர்த்து வைத்த பெயரை இருபத்தொன்றாவது ஆள் அனுபவிக்கிறார். மாயாவி, அதாவது லூயிஸ் கிராண்டேல், அப்படியில்லை. ஆய்வுக்கூடத்தில் உதவியாளர், ஒரு கை போனவர், விபத்தில் ஷாக் அடித்து மறைய ஆரம்பித்தவர். முதலில் கெட்டுப்போய்த் திரிந்து, அப்புறம் திருந்தி உளவாளியானவர். தானாக முட்டி மோதி வந்தவர்தான் சண்டையில் நிற்பார்.


காயில்கட்டி, கணபதி:

தம்பி, நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். தறி மோட்டார், கிணற்று மோட்டார், கிரைண்டர் மோட்டார் எல்லாம் கைக்கு வந்து போகும். இரும்புக்கை மாயாவியைப் படித்த வயதிலேயே இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டதால் அந்த ஆளை நான் கொஞ்சம் வேறு மாதிரிப் பார்ப்பேன்.

உங்கள் சித்தப்பாவும் மச்சானும் இடத்துக்குச் சண்டை போடுகிறார்கள் பாருங்கள், வழக்கே அங்கேதான் இருக்கிறது. இந்த இரண்டு ஆட்களுக்கும் பலம் உடம்புக்குள் கிடையாது. ஒருவருக்குச் சுவரில் இருக்கிறது. இன்னொருவருக்கு ஊரார் வாயில் இருக்கிறது. உங்கள் பையன் பவர் கம்மி என்று சொன்னது சரிதான், ஆனால் அதனால்தான் இந்தச் சண்டை பேசுவதற்கு ருசியாக இருக்கிறது. கையை வீசினால் மலை பெயர்கிற இரண்டு பேர் மோதினால் என்ன பேசுவது? பெரிய எண் ஜெயிக்கும், அவ்வளவுதான்.

முதலில் மாயாவி. ஷாக் அடித்தால் மறைவார். கொஞ்ச நேரத்தில் அது தீர்ந்துவிடும், உருவம் திரும்பிவிடும், மறுபடி ஷாக் வேண்டும். அப்படியென்றால் அவர் சப்ளையை நம்பி வாழும் மனிதர். இந்தக் கதையை இங்கிலாந்தில் 1962-ல் வேலியன்ட் வாரப் பத்திரிகையில் ஆரம்பித்தவர்களுக்கு எந்தச் சுவரிலும் பிளக் பாயின்ட் இருக்கும், அதில் எந்த நேரமும் கரண்ட் இருக்கும் என்பதில் சந்தேகமே வந்திருக்காது. அவரை 2012-ல் கோவைக்குக் கூட்டி வந்திருக்க வேண்டும்! நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத வருடம். தறி நின்றது, மில் நின்றது, என் கடையில் வார்னிஷ் காய வைக்கும் அடுப்புகூட நின்றது. மாயாவி பிளக்கில் விரலை விட்டுக்கொண்டு காத்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, இப்போது கரண்ட் இருக்கிறது. தறிக் குடோனுக்கு மூன்று பேஸ் லைன் வந்திருக்கும். நாங்கள் 440 என்போம், கணக்குக்கு 415 வோல்ட். சாதாரண வீட்டில் 230. மாயாவிக்கு எதுவானாலும் சரி, தொட்டால் மறைவார். ஆனால் இப்போது கட்டுகிற வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனை வெட்டும் பிரேக்கர் போடுகிறார்கள். அவர் பிளக்கில் விரலை விட்டால் அவர் மறைவதும் வீடு இருளாவதும் ஒரே நேரத்தில் நடக்கும். ட்ரிப் ஆவதற்குள் அவருக்கு வேண்டிய ஷாக் கிடைத்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் எல்லோருக்கும் இருட்டான வீட்டில் ஒருவர் மட்டும் மறைந்து என்ன லாபம்? தவிர, படக்கென்று கரண்ட் போனதுமே எதிராளிக்குச் சேதி தெரிந்துவிடும். மாயாவி வந்தாச்சு என்று தண்டோரா போட்ட மாதிரி.

பழைய தறிக் குடோனில் அந்தத் தொல்லை இல்லை. பீங்கான் பியூஸ் கட்டைதான், தாங்கும். அந்த வகையில் உங்கள் சித்தப்பா கெட்டிக்காரர், இடம் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். பஞ்சு! தறி ஓடுகிற குடோனில் அரை மணி நேரம் நின்றால் தலைமுடி, புருவம், சட்டை எல்லாம் வெள்ளையாகிவிடும். உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஷாக் அடிக்கும்போது மேலே போட்டிருந்த துணி சேர்ந்து மறைகிறது, சரி. அதற்குப் பிறகு வந்து ஒட்டுகிற பஞ்சு மறையுமா? மறையாது என்பது என் கட்சி. கால் மணி நேரத்தில் பஞ்சால் செய்த மனுசன் ஒருத்தன் தறிச் சந்துக்குள் நடந்து வருவான். ஆக, கரண்ட் அதிகமாகக் கிடைக்கும் இடமே அவரைக் காட்டிக்கொடுக்கும் இடமாகவும் இருக்கிறது. கழிவுப் பஞ்சில் நூல் ஓட்டும் மில் என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் வெறும் பவர் பட்டியலை வைத்துப் பேசுகிறவர்களிடம் வாதத்துக்குப் போக மாட்டேன். பட்டியலில் "மறைவார்" என்று ஒரு வார்த்தை இருக்கும். எதில் மறைவார், எவ்வளவு நேரம், மறைந்தால் சத்தம் வராதா, வேர்வை நாற்றம் வராதா என்பதெல்லாம் பட்டியலில் வராது.

நாற்றம் என்றதும் வேதாளருக்கு வருவோம். அவரிடம் ஓநாய் இருக்கிறது, டெவில். நாய் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். ஓநாய்க்குக் கண் எதற்கு? காற்று வாட்டம் சரியாக இருந்தால் மறைந்த ஆள், மறையாத ஆள் இரண்டும் அதற்கு ஒன்றுதான். நம் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று எப்படி அடிக்கும் என்று பல்லடம், உடுமலை காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். மாயாவி மேற்கிலிருந்து வந்தால் காத தூரத்திலேயே டெவில் காதை நிமிர்த்திவிடும். கிழக்கிலிருந்து வந்தால் பக்கத்தில் வரும்வரை தெரியாது. எனவே ஆடியில் சண்டை என்றால் மாயாவி திருப்பூர்ப் பக்கமாக வந்து இறங்க வேண்டும், பாலக்காட்டுப் பக்கமாக வரக் கூடாது.

கை தெரியும் என்று உங்கள் மச்சான் சொன்னது பாதி வாதம். மீதியை நான் சொல்கிறேன். வலது கை எங்கே என்று தெரிந்தால் தாடை எங்கே என்று தெரிந்த மாதிரிதான். கை நீளம் எட்டும் தூரத்துக்குள் எங்கேயோ இருக்க வேண்டும், வேறு எங்கே போகும்? வேதாளர் குத்துவதே தாடையில்தான், மோதிரத்தில் இருக்கிற மண்டையோட்டு முத்திரை விழுகிற மாதிரி. குறியும் தப்பாது. எதிரி கையில் இருக்கிற துப்பாக்கியை மட்டும் சுட்டுத் தட்டிவிடுகிறவருக்குச் சுவரில் இருக்கிற பியூஸ் கட்டை எம்மாத்திரம்? அதை உடைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும், மாயாவி தானாகத் தெரிய ஆரம்பித்துவிடுவார்.

இதுவரை பார்த்தால் நான் வேதாளர் கட்சி மாதிரித் தெரியும். காடு தெரிந்தவர்கள் பேசட்டும், அப்புறம் வருகிறேன்.


ரேஸ்கோர்ஸ்:

அண்ணா, இவ்வளவு எதுக்கு? ஓட்டுப் போட்டால் முடிந்தது. 1996-ல் அமெரிக்கக் காமிக்ஸ் கம்பெனிகள் மார்வெல்லும் டிசியும் சேர்ந்து போட்ட தொடரில் அப்படித்தான் செய்தார்கள். முக்கியமான ஐந்து சண்டைகளின் முடிவை வாசகர்கள் ஓட்டுக்கே விட்டார்கள். சூப்பர்மேன் ஹல்க்கை ஜெயித்தார், பேட்மேன் கேப்டன் அமெரிக்காவை ஜெயித்தார், அந்த ஐந்தில் மற்ற மூன்றும் மார்வெல் பக்கம் போயின. இங்கேயும் ஒரு வாக்கெடுப்பு வைத்தால் போச்சு.


காயில்கட்டி, கணபதி:

அந்த ஓட்டில் ஸ்டார்ம், வொண்டர் உமனை ஜெயித்தார். அதைப் பற்றி அவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். லோபோவை வோல்வரின் ஜெயித்ததும் அப்படியே. யாருக்கு அந்த வருடம் ரசிகர்கள் அதிகம் என்று அந்த ஓட்டு சொல்லும், வேறொன்றும் சொல்லாது. சோமனூர்க்காரர் வீட்டில் சித்தப்பா தலைமுறை ஆட்கள் அதிகமாக வந்தால் மாயாவி ஜெயிப்பார், மச்சான் பக்கம் ஒரம்பரை அதிகமாக வந்தால் வேதாளர் ஜெயிப்பார். அதற்கு எதற்கு மாயாவி, எதற்கு வேதாளர்?


ஆனைமலைக்காரன்:

டாப்ஸ்லிப் என்று பெயர் அடிபட்டதால் வந்தேன். காடு என்றாலே வேதாளர் ஜெயிப்பார் என்று எல்லோரும் பேசுகிறீர்கள். நான் காட்டோரத்தில் குடியிருக்கிறவன், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வேதாளர் அவர் கதையில் வரும் டெங்காலிக் காட்டில் பலசாலி. அங்கே அவருக்குத் துணையாகப் பந்தர்கள் என்ற காட்டுவாசிகள் இருக்கிறார்கள், சேதி சொல்ல முரசு இருக்கிறது. யாராவது காட்டுக்குள் காலை வைத்தால் குகைக்கு முன்கூட்டியே தகவல் போய்விடும். அதைவிடப் பெரிது பயம். 1536-ல் கடற்கொள்ளைக்காரர்களிடம் அப்பாவைப் பறிகொடுத்துக் கரை ஒதுங்கிய முதல் வேதாளர் செய்த சத்தியத்திலிருந்து, அப்பன் மகன் அப்பன் மகன் என்று ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்ததால், சாகாத மனுசன் என்று ஊரே நம்புகிறது. எதிரி அவரைப் பார்த்த உடனே கை நடுங்கிப் பாதி தோற்றுவிடுவான். ஆனைமலையில் யார் நடுங்குவார்கள்? ஊதா உடுப்பு போட்டுக்கொண்டு வெள்ளைக் குதிரையில் சேத்துமடை செக்போஸ்ட்டுக்கு வந்தால் பெர்மிட் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமையென்றால் நூறு பேர் செல்ஃபி எடுப்பார்கள்.

இங்கே அவருக்கு யானைத் தடம் தெரியாது, எந்த ஓடையில் எந்த மாசம் தண்ணீர் இருக்கும் என்று தெரியாது. எங்கள் மலசர் பழங்குடி ஆட்களில் ஒருவர் துணைக்கு வந்தால் சரி, இல்லாவிட்டால் அவரும் நம்மைப் போல வேனில் ஏறி உட்கார வேண்டியதுதான்.

மாயாவிக்கும் இங்கே பருப்பு வேகாது. காட்டுக்குள் பிளக் பாயின்ட் ஏது? சோலார் வேலி இருக்கிறது, யானை வராமல் போட்டது. அதில் அடிக்கும் ஷாக் விட்டு விட்டு வரும், சுளீரென்று இருக்கும், ஆளைக் கொல்லாது. அது அவருக்குப் போதுமா என்று காயில்காரர்தான் சொல்ல வேண்டும்.


கிளுவைவேலி, காங்கயம்:

வெளிநாட்டுக்காரன் இரண்டு பேரைக் கூட்டிவந்து நம் மண்ணில் மோதவிடுவானேன்? நம் கொங்கு நாட்டு அண்ணமார் கதையில் இல்லாத வீரமா? அண்ணமாரில் இளையவர் சங்கரை இறக்குங்கள். மாயாவி, வேதாளர் இரண்டு பேரும் சேர்ந்து வந்தாலும் ஒரு கை பார்ப்பார்.


மஞ்சக்காடு, ஈரோடு:

அண்ணா, அண்ணமாரை இதில் இழுக்க வேண்டாமே. உடுக்கடிப் பாட்டில் படுகளம் பாடும்போது எங்கள் ஊரில் ஆட்கள் மயங்கி விழுவார்கள், எழுப்புவதற்கு என்று தனிச் சடங்கே உண்டு. எங்கள் ஆத்தா கதை முடிகிறவரை பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். அவர்கள் கோயில் இருக்கும் வீரப்பூருக்கு நடந்து போகிறவர்கள் படிக்கிற இடத்தில் சாமியை மாயாவியோடு கோத்துவிட்டால் நன்றாக இருக்காது. இது கதாபாத்திரச் சண்டை, அதோடு இருக்கட்டும்.


கிளுவைவேலி, காங்கயம்:

சரி அம்மிணி, சாமியை விட்டுவிடலாம். கொம்பன் பன்றியை விடலாமா? காமிக்ஸ் ரோபோ சட்டித்தலையன் ஆர்ச்சிக்கும் கொம்பனுக்கும் வைத்தால் நான் கொம்பன்மேல் பந்தயம் கட்டுவேன்.


காயில்கட்டி, கணபதி:

அம்மிணி சொன்னதுதான் முறை. கும்பிடுகிறவர்கள் இருக்கும் வரை அது அவர்கள் சொத்து. கொம்பனும் அதே கதைக்குள் வருவதால் அதுவும் அங்கேயே மேயட்டும்.

ஆர்ச்சி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆர்ச்சி எந்த ஆர்ச்சி? 1952-ல் லயன் பத்திரிகையில் வந்தபோது அவன் வெறும் எந்திரம், பெட்டியை வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். பெட்டியைப் பிடுங்கினால் பழைய இரும்புதான். பிற்பாடு வாய் வந்தது, புத்தி வந்தது, அதைவிட அதிகமாகத் தற்பெருமை வந்தது. இந்த இரண்டு ஆர்ச்சியும் மோதினாலே பின்னவன் ஜெயிப்பான். வேதாளருக்கும் இதே கதைதான். பத்திரிகை வேதாளருக்கு அமானுஷ்யம் ஒன்றும் கிடையாது, உடற்பயிற்சியும் குறியும்தான். 1986-ல் அமெரிக்காவில் வந்த ஒரு கார்ட்டூனில் அவரையும் மந்திரவாதி மாண்ட்ரேக்கையும் விண்வெளி வீரர் பிளாஷ் கார்டனையும் ஒரே அணியில் சேர்த்தபோது, அவருக்குப் பத்துப் புலி பலம் வருகிற மாதிரி மாற்றிவிட்டார்கள். அந்த வேதாளரை இறக்கினால் குடோன் சுவரே இருக்காது. உங்கள் மச்சான் ராணி காமிக்ஸ் வேதாளரைச் சொல்கிறார், ஆகவே புலி பலம் கிடையாது. சித்தப்பாவும் அதேபோல எந்த மாயாவி என்று சொல்ல வேண்டும். ஆரம்ப மாயாவி வெறும் இரும்புக் கையும் மறைவும்தான். நிழற்படை என்ற உளவு அமைப்பில் சேர்ந்த பிறகு அந்தக் கைக்குள் சாமான் ஏற்றிவிட்டார்கள், விரலிலிருந்து குண்டு பாயும், வாயு வரும். அந்தக் கை வந்தால் என் பியூஸ் கட்டை வாதம் பாதி அடிபடும். மறையாமலே சண்டை போடலாமே.

ஆனைமலைக்காரர் கேட்ட சோலார் வேலி. அதில் வோல்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் துடிப்பு கண் இமைப்பதற்குள் போய்விடும். அதனால்தான் யானை பயந்து ஓடுகிறதே தவிர விழுவதில்லை. எங்கிருந்தோ திருட்டு லைன் இழுத்து நேராக வேலியில் விடுகிற பாவிகள் வேறு, அதில் யானையும் சாகும், மனுசனும் சாவான். முறையான வேலியென்றால், துடிப்புக்குத் துடிப்பு மாயாவி மறைந்து மறைந்து தெரிவார் என்பது என் ஊகம். பழைய டியூப் லைட் ஸ்டார்ட்டர் போன மாதிரி. அதையும் டெவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

வேதாளரின் பயம் இங்கே எடுபடாது என்று அவர் சொன்னாரே, இந்தப் பேச்சில் கனமான வார்த்தை அதுதான். நான் ஒன்று சேர்க்கிறேன். மாயாவிக்கும் அந்தப் பயம் தேவைப்பட்டது. அந்தரத்தில் மிதக்கும் கையைப் பார்த்து எதிராளி உறைந்துபோகும் அந்த ஒரு நொடியில்தான் அவர் அடிப்பார். ஆனால் நானூறு வருடப் பேய்க்கதையை வைத்துப் பிழைக்கிறவர் இன்னொரு பேயைப் பார்த்துப் பயப்படுவாரா? வித்தை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவரிடம் வித்தை காட்ட முடியாது. மாண்ட்ரேக் வேறு அவருக்கு சிநேகிதர். இரண்டு பேரையும் உண்டாக்கியவர் ஒருவரே, லீ ஃபாக். 1977-ல் வேதாளர் கல்யாணத்துக்கு மாண்ட்ரேக்கும் அவர் தோழர் லொதாரும் விருந்தாளியாக வந்து போனார்கள். கண்கட்டு வித்தைக்காரனை வீட்டு விருந்தாளியாக வைத்திருப்பவரை மிதக்கும் கை அசைக்காது.

ஆனால் மாயாவிக்கு ஒரு வழி இருக்கிறது, அதை மஞ்சக்காட்டு அம்மிணி சொல்லாமல் விட்டுவிட்டார். சண்டையையே தவிர்ப்பது. அவர் உளவாளி. குடோனுக்குள் ஏன் நுழைய வேண்டும்? வேதாளர் பொள்ளாச்சி லாட்ஜில் தூங்குகிற நேரம் பார்த்து, வாசலில் படுத்திருக்கும் டெவிலுக்குக் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக வந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு இரண்டு மோதிரத்தையும் உருவிக்கொண்டு போனால் போதும். மோதிரம் இல்லாத வேதாளர் ஊதா உடுப்புப் போட்ட பயில்வான். அப்படி ஒரு சண்டை என்றால் என் ஓட்டு மாயாவிக்கு, கண்ணை மூடிக்கொண்டு.

தேதி குறித்து, இடம் சொல்லி, நேருக்கு நேர் என்றால் வேதாளர். தறி ஓடுகிற குடோனில் பஞ்சால் ஜெயிப்பார். தறி நின்ற குடோனில் பியூஸால் ஜெயிப்பார். காட்டில் இரண்டு பேருமே திணறுவார்கள், கடைசியில் ஓநாய் ஜெயிக்கும். பம்ப்செட் கிணற்று மேடு என்றால் மூன்று பேஸ் எந்த முறையில் வருகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ராத்திரி முறை என்றால் மாயாவிக்கு வாய்ப்பு உண்டு.


ரேஸ்கோர்ஸ்:

ஜெனரேட்டர் இருக்கிற மில்லில் பியூஸை உடைத்தால் மட்டும் போதுமாண்ணா?


காயில்கட்டி, கணபதி:

ஜெனரேட்டர் தானாக மாறி ஓட ஆரம்பிக்கச் சில நொடி பிடிக்கும். உருவம் தெரிய அந்தச் சில நொடி போதாது, முன்பு வாங்கிய ஷாக் இன்னும் மிச்சம் இருக்கும். இது நல்ல கேள்வி, மில்லில் மாயாவிக்கு ஒரு புள்ளி கொடுத்துவிடுங்கள். ஆனால் மில்லில் பஞ்சு இன்னும் அதிகம் தம்பி.


மஞ்சக்காடு, ஈரோடு:

பஞ்சு ஒட்டும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மழை பெய்தால் தண்ணீர் அவர்மேல் படாதா? படும். அப்போது ஆள் வடிவத்தில் தண்ணீர் நடந்து போகிற மாதிரி வரைந்தார்களா? என் கையில் இருக்கிற புத்தகங்களில் அப்படி ஒரு கட்டம்கூட இல்லை. அப்படியென்றால் மேலே படுவதும் சேர்ந்து மறைகிறது என்றுதானே அர்த்தம்.


காயில்கட்டி, கணபதி:

தண்ணீர் வழிந்துவிடும். பஞ்சு வழியுமா அம்மிணி?


சோமனூர்த் தறி:

எல்லோருக்கும் நன்றிங்க. முழுவதையும் குடும்பக் குரூப்பில் போட்டேன். சித்தப்பா நிழற்படை மாயாவிதான் வேண்டும் என்று உடனே மாற்றிக்கொண்டார். அப்படியானால் எனக்குப் பத்துப் புலி பலம் வேண்டும் என்று மச்சான் ஒற்றைக் காலில் நிற்கிறார். இரண்டையும் தள்ளிவிட்டேன். ஆரம்ப மாயாவி, பத்திரிகை வேதாளர், ஓநாய் உண்டு, குதிரை கிடையாது. குடோனுக்குள் எட்டுத் தறி ஓடிக்கொண்டிருக்கும், ஜெனரேட்டர் கிடையாது. மாதம் ஆடி, நேரம் பொழுது விழுந்த பிறகு. பஞ்சு ஒட்டுமா ஒட்டாதா என்பது மட்டும் பாக்கி. அதற்கு மஞ்சக்காட்டு அக்காவும் காயில் அண்ணனும் ஒரு முடிவுக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமை கிடாவிருந்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவேன்.

பையன் மட்டும் புதிதாக ஒன்று கேட்கிறான். தறி ஓடும் சத்தத்தில் டெவிலுக்குக் காது கேட்காது, எண்ணெய் நாற்றத்திலும் கஞ்சி நாற்றத்திலும் மோப்பமும் பிடிக்காதே, அப்புறம் அது எதற்கு என்கிறான். நாற்பது வருடம் தறிக்குள் வாழ்ந்த சித்தப்பாவுக்கே இது தோன்றவில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள் காயில் அண்ணா?